காலம் குறையலாம், கல்வி குறையலாகாது

(குடாநாட்டுக் கிராமமொன்றில் உத்தியோகத்தரும் கமக்காரரும் கூடிய கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



வழக்கு மன்றத்திலே வாதாடுகின்ற ஒருவன் தாதியர் கல்வியைப் பற்றிப் பேச எழுந்தது ஏன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அதற்கு விடை கூறிவிட்டே விடயத்திற்குச் செல்ல விரும்புகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் தந்தையார் அரசாங்க வைத்தியசாலை ஒன்றிற் சத்திர சிகிச்சை பெற்றுக் கிடந்தார். நடுச்சாமம் கடந்த வேளை. வாட்டு நிறைந்த நோயாளர். அத்தனை பேருக்கும் தாதியர் இருவரே. நான் கட்டிலருகே விழித்திருந்தேன். தந்தையார் அமைதியாக உறங்குகின்றார் என்றெண்ணி உள்ளம் ஆறியிருந்தேன். வேறொரு நோயாளியிடம் விரைந்துகொண்டிருந்த இளந்தாதி ஒருவர் எங்கள் கட்டிலருகே சற்று நின்றார். தந்தையாரின் முகத்தைப் பார்த்தார்; கையைத் தொட்டார்; மூச்சை எண்ணினார்; மறுகணமே டாக்டரை அழைக்க ஓடினார். உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது என்பதைப் பின்னர் அறிந்தோம். தந்தையார் பிழைத்தார்.

இரண்டு மணி நேரமாகக் கண்ணிமையாது பார்த்திருந்த மகன் காணாத ஒன்றை, கடந்து செல்கையிற் கணப்பொழுது நோக்கிய அந்தப் பெண் எவ்வாறு கண்டார்? அன்பிலே நான் குறைந்தவனல்லன். ஆனால் அவர் கற்றிருந்தார், நான் கற்றிருக்கவில்லை. ஆகவே, தாதியருக்கு எதை, எவ்வளவு காலத்திற் கற்பிக்க வேண்டும் என்ற கேள்வி எழும்போது, அது டாக்டர்மாருக்கும் பேராசிரியர்களுக்கும் மாத்திரம் உரிய கேள்வி என்று என்னால் ஒதுங்கியிருக்க முடியவில்லை.

தமக்கையாரின் கேள்வி

அண்மையில் என் தமக்கையார் ஒரு கடிதத்துடன் என்னிடம் வந்தார். அவருடைய மகள் உயிரியலிற் பட்டம் பெற்றவள். மணமுடித்து அமெரிக்காவில் வாழ்கின்றவள். அங்கே பல்கலைக்கழகமொன்று, முன்னரே ஒரு பட்டம் பெற்றவர்களுக்குப் பதினாறு மாதங்களில் தாதியர் பட்டம் அளிக்கின்றதாம். அதிற் சேரலாமா என்று கேட்டு எழுதியிருந்தாள். தமக்கையார் கேட்டார்: “தம்பி, நாலு வருசப் படிப்பைப் பதினாறு மாசத்திலை முடிக்கலாம் எண்டால், அது உண்மையான படிப்போ, அல்லது காசு பிடுங்கிற வேலையோ?”

படிப்பறிவு மிகுந்தவரல்லர் என் தமக்கையார். ஆயினும் குறுக்கு விசாரணையில் வல்ல சட்டத்தரணியும் இதனிலும் கூரிய கேள்வியைக் கேட்டிருக்க முடியாது. அன்றே அவருக்கு மறுமொழி கூற என்னால் முடியவில்லை. அதன்பின் தேடிப் படித்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

விரைவுப் பட்டப் படிப்பு என்று இதனை அழைக்கலாம். அமெரிக்காவில் வழமையான தாதியர் இளமாணிப் பட்டத்திற்கு நான்கு ஆண்டுகள் செல்லும். விரைவுப் படிப்போ பெரும்பாலும் பதினொரு மாதம் முதற் பதினெட்டு மாதம் வரையிலானது. 2018ஆம் ஆண்டளவில் இத்தகைய படிப்புக்கள் அந்நாட்டில் 280க்கு மேல் இருந்தன. இவற்றிற் சேர்வதற்கு முதற் பட்டம் ஒன்று வேண்டும். அப்பட்டம் எத்துறையினதாகவும் இருக்கலாம். ஆனால் உடலமைப்பியல், உடற்றொழிலியல், நுண்ணுயிரியல், இரசாயனம், புள்ளிவிபரவியல், உளவியல் முதலிய பாடங்களை முன்னரே கற்றுச் சித்தியடைந்திருத்தல் வேண்டும் என்று அக்கல்லூரிகள் விதிக்கின்றன. இங்குதான் விடயத்தின் உயிர்நிலை இருக்கின்றது.

நாற்றுமேடையின் பாடம்

கமக்காரச் சகோதரர்களே, உங்களுக்கு இதனை விளக்க நான் அமெரிக்கா வரை செல்ல வேண்டியதில்லை. மிளகாய்க் கன்றை நீங்கள் நாற்றுமேடையிற் பாவுகின்றீர்கள். அங்கே அது ஒரு மாத காலம் வேர்விட்டு வளர்கின்றது. பின்னரே பிடுங்கித் தோட்டத்தில் நடுகின்றீர்கள். தோட்டத்தில் நின்ற நாட்களை மாத்திரம் எண்ணுகின்ற ஒருவன், “ஆகா! இது விரைவில் விளைந்த பயிர்” என்று வியப்பான். மேடையில் நின்ற நாட்களையும் சேர்த்து எண்ணுகின்ற நீங்களோ அவனைப் பார்த்து நகைப்பீர்கள்.

நேர்மையான விரைவுப் படிப்பு அத்தகையதே. முதற் பட்டம் நாற்றுமேடை. பொதுக் கல்வியும் விஞ்ஞான அடிப்படையும் அங்கே முடிந்துவிட்டன. எஞ்சிய தாதியர் கல்வியே பதினாறு மாதங்களில் நடைபெறுகின்றது; அதுவும் பல்கலைக்கழகத்தின் நீண்ட விடுமுறைகளை நீக்கிவிட்டு, கோடையென்றும் மாரியென்றும் பாராது நடைபெறுகின்றது. அங்கே குறைந்தது காலம், கல்வி குறையவில்லை.

ஆனால் நாற்றுமேடையே இல்லாமல், நேற்று முளைத்த விதையைத் தோட்டத்தில் எறிந்துவிட்டு, அதே நாட்களிற் காய்பறிக்கலாம் என்று ஒருவன் கூறுவானாயின்? அவன் வியாபாரி, கமக்காரனல்லன். இரண்டுக்கும் பெயர் ஒன்றே, விரைவு. பெயர் ஒன்றாயிருப்பதனாற் பொருளும் ஒன்றே என்று மயங்கிவிடக் கூடாது.

போர் பெற்ற பிள்ளை

இந்த விரைவுப் படிப்பு நேற்றுத் தோன்றியதன்று. முதலாம் உலகப் போரில் அமெரிக்கா 1917ஆம் ஆண்டு இறங்கியது. போர்க்களத்திற்கும் தாதியர் தேவை, உள்நாட்டிலும் தேவை. 1918ஆம் ஆண்டுக் கோடையில், நியூயோர்க் மாநிலத்திலுள்ள வாசர் கல்லூரியிற் பட்டதாரிப் பெண்கள் 400க்கு மேற்பட்டோரைத் திரட்டிப் பன்னிரண்டு வாரப் பயிற்சிமுகாம் ஒன்றை நடத்தினர். இரசாயனமும் உடலமைப்பியலும் நுண்ணுயிரியலும் அங்கே கற்பிக்கப்பட்டன. அதன்பின் அப்பெண்கள் வைத்தியசாலைகளுக்குச் சென்று, மூன்றாண்டுப் பயிற்சியை ஏறக்குறைய இரண்டாண்டுகளில் நிறைவேற்றினர். இதுவே இன்றைய விரைவுப் படிப்பின் முன்னோடி எனலாம்.

அம்முகாமிற் பயின்றவர்களுள் ஒருவர் கதரின் டென்ஸ்போட் அம்மையார். பிற்காலத்தில் மினசோட்டாப் பல்கலைக்கழகத் தாதியர் கல்லூரியின் தலைவராகவும், அமெரிக்கத் தாதியர் சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார். விரைவிற் படித்தவர் அரைகுறையாகத்தான் இருப்பார் என்று கூறுவோருக்கு அவருடைய வாழ்க்கையே தக்க மறுப்பாகும்.

பின்னர் இரண்டாம் உலகப் போர் மூண்டது. மீண்டும் அதே தட்டுப்பாடு. இம்முறை அமெரிக்கா ஒரு சட்டமே இயற்றியது. அச்சட்டத்தைக் கொண்டுவந்தவர் ஒகையோ மாநிலப் பிரதிநிதி பிரான்செஸ் பெய்ன் போல்டன் என்னும் அம்மையார். செல்வக் குடியிற் பிறந்தும், இளமையிலேயே கிளீவ்லண்ட் நகரத்து ஏழைகளின் வீடுகளுக்குச் சென்ற தாதியருடன் கூடச் சென்று, அவர்கள் படும் பாட்டை நேரிற் கண்டவர். அவர் கொண்டுவந்த சட்டம் 1943ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் சட்டமாயிற்று. அச்சட்டத்தின் கீழ் மாணவத் தாதியர் படை ஒன்று அமைந்தது. அதனை நடத்தும் பொறுப்பு லூசில் பெற்றி என்னும் தாதியர் கல்வி அறிஞரிடம் ஒப்படைக்கப்பட்டது.

நான் சட்டம் பயின்றவன். எந்தச் சட்டத்தைக் கண்டாலும் அதன் முகவுரையை விட்டு, நிபந்தனைகளைத் தேடிச் செல்வது என் தொழிலின் பழக்கம். போல்டன் சட்டத்தையும் அவ்வாறே பார்த்தேன். அதிலே கண்டவற்றை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

சட்டம் விதித்த நிபந்தனைகள்

முதலாவது: முப்பத்தாறு மாதப் பாடத்தை முப்பது மாதங்களுக்குள் முடிக்குமாறு அத்திட்டம் பணித்தது. ஆனால் மாணவி அத்துடன் வைத்தியசாலையை விட்டு நீங்கவில்லை. எஞ்சிய காலத்தில் மூத்த மாணவத் தாதியாக மேற்பார்வையின் கீழ்ப் பணியாற்றிய பின்னரே பயிற்சி நிறைவெய்தியது. பாடம் விரைந்தது, நோயாளியின் கட்டிலருகே பெற வேண்டிய பழக்கம் வெட்டப்படவில்லை.

இரண்டாவது: எந்தப் பாடசாலையும் இத்திட்டத்திற் சேர்ந்துவிட முடியாது. மாநிலத்தின் அங்கீகாரம் வேண்டும். தகுதியுள்ள வைத்தியசாலையுடன் தொடர்பு வேண்டும். போதிய ஆசிரியரும் உபகரணமும் வேண்டும். அந்நாட்டில் அன்றிருந்த ஏறக்குறைய 1,300 தாதியர் பாடசாலைகளுள் 1,125 பாடசாலைகள் சேர்ந்தன.

மூன்றாவது: செலவை அரசாங்கம் ஏற்றது. கட்டணம், புத்தகம், சீருடை யாவும் இலவசம். அதற்கும் மேலாக மாணவியின் கைக்கு மாதப்படியும் கிடைத்தது. முதல் ஒன்பது மாதங்களில் மாதம் 15 டொலர். அடுத்த கட்டத்தில் 20 டொலர். இறுதிக் கட்டத்தில் வைத்தியசாலை குறைந்தது 30 டொலர் கொடுத்தது. இதற்கு ஈடாக, போர் முடியும்வரை இராணுவத்திலோ நாட்டின் வைத்தியசாலைகளிலோ தாதியர் பணியில் நிற்பேன் என்று மாணவி உறுதிமொழி அளித்தாள்.

நான்காவது நிபந்தனையை நீங்கள் கருத்தூன்றிக் கேட்க வேண்டும். இனம், நிறம், மதம் என்பவற்றின் காரணமாக எவரையும் விலக்குதல் ஆகாது என்று அச்சட்டத்திற் பொறிக்கப்பட்டது. கறுப்பின மக்கள் பேருந்திலும் பாடசாலையிலும் பிரித்து ஒதுக்கப்பட்டிருந்த 1943ஆம் ஆண்டிலே இது நடந்தது. அந்த ஒரு வாசகத்தின் பயனாக ஏறக்குறைய 3,000 கறுப்பினப் பெண்கள் அப்படையிற் சேர்ந்து பயின்றனர். யப்பானிய வம்சாவளியினரை அதே அரசாங்கம் முட்கம்பி வேலிக்குள் அடைத்து வைத்திருந்த அந்நாட்களில், அவ்வம்சாவளிப் பெண்கள் 350 பேருக்கு மேற்பட்டோரும் சேர்ந்தனர். சட்டப் புத்தகத்தில் ஒரு வாசகம் இருப்பதால் என்ன பயன் என்று சலித்துக்கொள்வோர் நம்மிடையே பலர். அந்த வாசகம் அங்கே இல்லாதிருந்தால் அப்பெண்கள் எத்தனை வாசல்களில் நின்று திரும்பியிருப்பார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பயன் என்ன? சேர்ந்தோர் ஏறக்குறைய 180,000 பேர். பயிற்சியை நிறைவேற்றியோர் ஏறக்குறைய 124,000 பேர். அமெரிக்க உள்நாட்டு வைத்தியசாலைகளின் தாதியர் பணியிற் பெரும்பங்கை அம்மாணவியர் படையே தாங்கி நின்றது. புதிய மாணவியரைச் சேர்ப்பது 1945இல் நிறுத்தப்பட்டு, 1948இல் அத்திட்டம் நிறைவெய்தியது. அரசாங்கம் செலவிட்டது சுமார் 16 கோடி டொலர். ஒரு நாடு தன் தேவைக்காக விரைவைக் கேட்டது. கேட்ட விரைவுக்கு உரிய விலையைத் தானே கொடுத்தது. இதுவே நான் அச்சட்டத்திற் கண்ட நீதி.

விலை கொடுப்பவர் யார்?

போர் முடிந்த பின்னரும் விரைவுப் படிப்பு மறையவில்லை. பிற துறைகளிற் பட்டம் பெற்றவர்களுக்கான இன்றைய வடிவத்தை 1971ஆம் ஆண்டில் மிசூரி மாநிலத்துச் சென் லூயிஸ் பல்கலைக்கழகம் ஆரம்பித்தது. அதன்பின் அது நாடெங்கும் பரவியது. ஆனால் பரவியபோது ஒன்று மாறிவிட்டது. 1943இல் விரைவின் விலையைக் கொடுத்தது அரசாங்கம். இன்று கொடுப்பவர் பெரும்பாலும் மாணவரே.

வறிய மாணவர்க்கு அமெரிக்க மத்திய அரசாங்கம் அளிக்கின்ற பெல் உதவிப்பணம், முன்னரே இளமாணிப் பட்டம் பெற்றவர்க்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. விரைவுப் படிப்பிற் சேர்பவரோ அனைவரும் பட்டம் பெற்றவர். நாள் முழுவதும் வகுப்பு, வாட்டு, மீண்டும் வகுப்பு என்றிருப்பதால் வேலை பார்த்து உழைக்கவும் வழியில்லை. வேலைக்குச் செல்ல வேண்டாம் என்று கல்லூரிகளே அறிவுறுத்துகின்றன. எஞ்சுவது கடன். இக்குறையை உணர்ந்த றொபேட் வூட் ஜோன்சன் அறநிலையம், 2008 முதல் சில ஆண்டுகள், பின்தங்கிய சமூகங்களிலிருந்து இப்படிப்பிற் சேர்ந்த மாணவர்க்குத் தலைக்கு 10,000 டொலர் உதவியது. அறம் பாராட்டற்குரியது, ஆயினும் நாட்டின் தேவையை அறநிலையத்தின் கருணையில் விட்டுவிடலாமா?

பணம் கொட்டுகின்ற இடத்திற்கு வியாபாரிகளும் வருவார்கள். சில பல்கலைக்கழகங்களுக்காக மாணவரைச் சேர்த்துக் கொடுத்து, இணைய வழிப் பாடங்களையும் அமைத்துக் கொடுத்து, மாணவரின் கட்டணத்திற் பங்குபெறும் கம்பனிகள் இன்று அங்கே உள்ளன. அதனாலேயே படிப்புப் பழுதாகிவிட்டது என்று நான் கூறவில்லை. ஆனால் மாணவர் தொகை கூடக்கூட இலாபம் கூடுகின்ற ஒருவர், தகுதியில்லாதவரைத் திருப்பியனுப்பும் வாசற்காவலராக இருப்பாரா என்று கேட்பது நம் கடமை.

காவல் எங்கே?

“கல்லூரி எவ்வாறிருந்தால் என்ன? இறுதியில் அனுமதிப்பத்திரப் பரீட்சை ஒன்று இருக்கின்றதே! நான்கு ஆண்டு படித்தவரும் பதினாறு மாதம் படித்தவரும் அதே பரீட்சையைத்தானே எழுதுகின்றனர்?” என்று சிலர் வாதிப்பர். இது வலிய வாதமே. நல்ல விரைவுக் கல்லூரிகளின் மாணவர் அப்பரீட்சையிற் சிறப்பாகச் சித்தியடைகின்றனர் என்பதும் உண்மையே. ஆயினும் பரீட்சை மாத்திரம் போதுமான காவலாகாது என்பதற்கு நாடறிந்த சான்று ஒன்றுண்டு.

2023ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் புளொறிடா மாநிலத்தில் ஒரு பெரும் மோசடி வெளியாயிற்று. மூன்று தாதியர் பாடசாலைகள், பயிற்சியே பெறாதவர்களுக்கு 7,600க்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை விற்றிருந்தன என்று அமெரிக்க நீதித் திணைக்களம் அறிவித்து, இருபத்தைந்து பேர்மீது குற்றஞ்சாட்டியது. அச்சான்றிதழ்களை வாங்கியோருள் ஏறக்குறைய 2,400 பேர் அனுமதிப்பத்திரப் பரீட்சையிற் சித்தியும் அடைந்துவிட்டனர்! தாளிலே விடை எழுதத் தெரிந்தவர் நோயாளியின் முகத்திலே மரணத்தின் நிழலைப் படிக்கத் தெரிந்தவராகிவிட மாட்டார். ஆகவேதான் பரீட்சைக்கு முன்னர் பயிற்சி. பயிற்சிக்கு முன்னர் அடிப்படைக் கல்வி. இம்மூன்றிலும் காவல் வேண்டும்.

கல்வி குறைந்தால் உண்மையாகவே உயிர் போகுமா என்று ஐயுறுவோர்க்கு மற்றொரு சான்று. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் லிண்டா ஐக்கன் அம்மையாரும் அவருடன் ஆராய்ந்தோரும் அம்மாநிலத்து 168 வைத்தியசாலைகளிற் சத்திர சிகிச்சை பெற்ற 232,000க்கு மேற்பட்ட நோயாளரின் விபரங்களை ஆராய்ந்து 2003ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். பட்டக் கல்வி பெற்ற தாதியரின் பங்கு நூற்றுக்குப் பத்து உயர்ந்திருந்த வைத்தியசாலைகளில், சத்திர சிகிச்சைக்குப் பின் முப்பது நாட்களுக்குள் நோயாளர் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து குறைந்திருந்தது. அதே குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆராய்ச்சியோ, ஒரு தாதி பார்க்க வேண்டிய நோயாளரின் தொகையில் ஒருவர் கூடினும் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு உயர்கின்றது என்று காட்டியது.

இவ்விரண்டு முடிவுகளையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். தாதியர் தொகை போதாவிட்டாலும் நோயாளி சாகின்றான்; தாதியரின் கல்வி போதாவிட்டாலும் நோயாளி சாகின்றான். தொகையைக் கூட்டுவதற்காகக் கல்வியைக் குறைப்பவர் ஒரு கையாற் கொடுத்து மறுகையாற் பறிக்கின்றார். இவ்விரண்டையும் ஒருங்கே காக்கக்கூடிய வழிகளுள் ஒன்று, நேர்மையாக நடத்தப்படும் விரைவுப் பட்டப் படிப்பு என்பதே என் முடிபு.

இங்கே மற்றொரு முடிச்சும் உண்டு. மாணவரை எவ்வளவு விரைவிற் பயிற்றினாலும் பயிற்றுவதற்கு ஆசிரியர் வேண்டும்; பழகுவதற்கு வைத்தியசாலையில் இடம் வேண்டும். 2021ஆம் ஆண்டில் அமெரிக்கத் தாதியர் கல்லூரிகள், தகுதியுள்ள விண்ணப்பங்களுள் 91,000க்கு மேற்பட்டவற்றை ஏற்க முடியாது திருப்பின. ஆசிரியரும் பயிற்சியிடமும் போதாமை அதற்கு முக்கிய காரணங்களாகும். கிணற்றிலே ஊற்று இல்லாதபோது துலாவை விரைவாக மிதித்து என்ன பயன்?

நமக்கு உரியது என்ன?

சகோதர சகோதரிகளே! அமெரிக்க நாட்டுக் கதையை இவ்வளவு நேரம் கூறியது பொழுதுபோக்கிற்காகவன்று. அந்நாட்டிலிருந்து நல்லதைக் கற்பதும் நமக்குப் புதிதன்று. 1847ஆம் ஆண்டில் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே தமிழிலேயே வைத்தியம் கற்பித்து, வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்குவித்ததை நீங்கள் அறிவீர்கள். எளிதாக்க வேண்டியது மொழித் தடையையே என்று அவர் கண்டார். வைத்தியக் கல்வியின் ஆழத்தை அவர் குறைக்கவில்லை.

இன்று நம் வடக்கிலும் கிழக்கிலும் பட்டம் பெற்றும் வேலையின்றி வாடும் பிள்ளைகள் எத்தனை பேர்! 2017ஆம் ஆண்டில் அவர்கள் மாதக்கணக்கில் வீதியோரத்தில் அமர்ந்து போராடியதை நாம் கண்ணாரக் கண்டோம். மறுபுறத்திலே, 2022ஆம் ஆண்டின் பொருளாதார முறிவுக்குப் பின்னர் டாக்டர்மாரும் தாதியரும் நாட்டை விட்டுப் பெயர்ந்து செல்வதையும் காண்கின்றோம். ஒரு பக்கம் வேலையில்லாப் பட்டதாரி. மறுபக்கம் ஆளில்லா வாட்டு. இவ்விரண்டையும் இணைக்கும் பாலமாக விரைவுப் பட்டப் படிப்பு ஒன்றை நம் பல்கலைக்கழகங்கள் ஆராய்ந்து பார்த்தல் வேண்டாமா என்று கேட்கின்றேன்.

ஆனால் எச்சரிக்கையாகவும் கேட்கின்றேன். அரசியல் மேடையில் இதுபோன்ற யோசனை ஏறும்போது, “பட்டதாரிகள் அனைவருக்கும் ஓராண்டிற் தாதியர் நியமனம்” என்று கைதட்டலுக்காகக் கூறுவோர் தோன்றுவர். அதனை நான் எதிர்ப்பேன். விஞ்ஞானம் கற்ற பட்டதாரிக்கு நாற்றுமேடை முடிந்திருக்கின்றது. கலைத்துறைப் பட்டதாரிக்கு உடலமைப்பியலும் இரசாயனமும் இன்னும் மேடையேறவில்லை; அவரும் வரட்டும், ஆனால் அவ்வடிப்படைப் பாடங்களை முதலிற் கற்றுச் சித்தியடைந்த பின்னர் வரட்டும். வேலையில்லாப் பிள்ளையின் துன்பத்தை நான் அறிவேன். அத்துன்பத்தை, கட்டிலிற் கிடக்கும் கமக்காரனின் தலையில் இறக்கி வைப்பது நியாயமாகாது.

ஆதலால், எவர் இத்திட்டத்தை நம்மிடம் கொண்டுவரினும், நாம் நான்கு கேள்விகளை அவரிடம் கேட்டே தீர வேண்டும். குறைத்த காலத்தில் எதனைக் குறைத்தீர். மாணவர் முன்னரே கற்றதையா, நோயாளிக்கு வேண்டியதையா? கட்டிலருகே பெறும் பயிற்சி மணித்தியாலம் ஒன்றாயினும் குறையுமா? படிக்கும் காலத்தில் மாணவரின் சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு? எந்த மொழி பேசுபவரும் எந்த இனத்தவரும் சமமாகச் சேரலாம் என்ற உறுதி சட்டத்திலே எழுதப்பட்டிருக்கின்றதா, அல்லது வாய்ச்சொல்லிலே நிற்கின்றதா? இந்நான்குக்கும் எழுத்திலே விடை கிடைக்கும்வரை நாம் கைதட்டலாகாது.

சாப்பாட்டைப் பற்றிய கேள்வியைச் சிறிதென்று எண்ணாதீர்கள். நம் நாட்டின் அரசாங்கத் தாதியர் பயிற்சியில் மாணவருக்கு மாதப்படி கொடுக்கும் வழக்கம் உண்டு. அதனாலேயே வறிய வீட்டுப் பிள்ளைகளும் அத்தொழிலிற் புகுந்தனர். விரைவு என்ற பெயரால் அந்த வழக்கம் அழிந்து, காணியை ஈடுவைத்துக் கட்டணம் கட்டுபவரின் பிள்ளைக்கே அந்தக் கல்வி என்ற நிலை வருமாயின், நாம் பெற்றதைவிட இழந்ததே பெரிதாகும். காணி ஈட்டு உறுதிகளை எழுதியும் வாசித்தும் வருபவன் நான். அவற்றின் பின்னாலுள்ள கண்ணீரை அறிந்தே இதனைக் கூறுகின்றேன்.

இறுதியாக, என் தமக்கையாருக்கு நான் கூறிய விடையை உங்களுக்கும் கூறிவிடுகின்றேன். “அக்கா, உங்கள் மகள் உயிரியல் படித்தவள்; நாற்றுமேடையைக் கடந்தவள். ஆகவே பதினாறு மாதம் அவளுக்கு ஏமாற்றாகாது. ஆனால் சேருமுன்னர் மூன்றை அறிந்து எழுதச் சொல்லுங்கள். அக்கல்லூரிக்கு மாநிலத் தாதியர் சபையின் அங்கீகாரம் உண்டா? எத்தனை மணித்தியாலம் வைத்தியசாலையிற் பயிற்சி? கடன் எவ்வளவு, அதைத் தீர்க்க எத்தனை ஆண்டு?” என்றேன். தமக்கையார் சற்று மௌனமாக இருந்துவிட்டு, “அப்பாவைக் காப்பாத்தின அந்தப் பிள்ளையைப்போலை இவளும் வருவாளோ?” என்று கேட்டார்.

அது அவளுடைய உழைப்பையும், அவளுக்குக் கற்பிப்போரின் நேர்மையையும் பொறுத்தது என்றே என்னாற் கூற முடிந்தது. அந்த நேர்மையைச் சட்டத்தினாற் காப்பதும், அந்த உழைப்புக்குப் பொதுப்பணத்தினால் துணைநிற்பதும் ஒரு சமுதாயத்தின் கடமை. நம்முடைய வாட்டுக்களிலும் நடுச்சாமத்தில் ஒரு மகன் ஒன்றும் அறியாது தந்தையின் கட்டிலருகே அமர்ந்திருக்கின்றான். அவ்வழியே வரும் தாதி, காண வேண்டியதைக் காணக் கற்றவராக இருத்தல் வேண்டும். எவ்வளவு காலத்திற் கற்றார் என்று அந்த மகன் கேட்கப்போவதில்லை. கற்றாரா என்பதை நாம் இன்றே கேட்க வேண்டும்.